நீதிமன்ற ஊழியர்களுக்குப் பயிற்சி: இரண்டு மணித்தியாலத்தில் எதைச் சொல்வது?

சுண்டுக்குளிப் பிள்ளை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டு வரும் பெண்களோடு யாழ்ப்பாணத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அடுத்த மாதம் நீதிமன்ற ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி, அதில் மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் என் தலையில் விழுந்திருக்கிறது. வருபவர்கள் எழுதுவினைஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பிஸ்கல்மார் (அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுப்பவர்கள்), வாசலில் நின்று பெயர் கூப்பிடுபவர்கள். நீதவான்கள் இல்லை.

காலையில் ஒரு சட்டத்தரணி 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை விளக்குவார். நானும் அதையே திருப்பிச் சொன்னால் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் நித்திரைதான். பாலியல் வன்முறை வழக்குகளையும் சேர்த்துக் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டுக்கு (நீதிமன்றத்துக்கு) போய் வந்தவர்கள், அங்கே வேலை செய்தவர்கள் சொல்லுங்கள், எதில் தொடங்கலாம்?

கொக்குவில் கறுப்புக்கோட்டு

தங்கச்சி, சட்டத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் கவுண்டரில் நிற்பவருக்குத் தேவையான துண்டை மட்டும் எடுங்கள். அடிப்பவரைத் தடுக்க நீதிமன்றம் கொடுக்கும் பாதுகாப்புக் கட்டளையைக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தரணி கட்டாயமில்லை. அந்தப் பெண் தானே விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அதாவது கையில் ஒரு கடதாசியும் இல்லாமல், முகம் வீங்கி, பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நேராகக் கவுண்டருக்கு வருவாள், அந்த நேரம் அவளுக்குச் சட்டம் என்றால் அந்த எழுதுவினைஞர்தான். அவர் "லோயரைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றால் அவள் திரும்பிப் போய்விடுவாள், பிறகு வரமாட்டாள். சட்ட ஆலோசனை சொல்வது அவருடைய வேலை இல்லை, சரி. படிவம் எது, சட்ட உதவி ஆணைக்குழுக் கந்தோர் எங்கே என்று சொல்லலாம்தானே.

இன்னொன்று, "உங்கட வீடு பருத்தித்துறை எண்டால் அங்கதான் போகவேணும்" என்ற கதை. அடித்தது பருத்தித்துறையில் இருக்கட்டும், அவள் தாய் வீட்டுக்கு ஓடி வந்து இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தால் இங்கேயே விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல் பஸ் ஏற்றி அனுப்பிய கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

அப்புறம் காயம். அந்தச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை, தொடர்ந்து கொடூரமாகவும் கேவலப்படுத்தியும் நடத்துவதையும் சொல்கிறது. பாலியல் வல்லுறவிலும் அப்படித்தான், உடலில் காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று நிரூபிக்கலாம் என்ற கட்டாயம் இல்லை என்பது 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டதிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் "ஒரு கீறலும் இல்லையே" என்ற குசுகுசுப்பு இன்னும் வராந்தாவில் கேட்கிறது.

பெயர் வேண்டாம்

நான் போய் வந்தவள். எந்தக் கோடு என்று கேட்காதீர்கள்.

அடித்ததைவிட அந்த வராந்தா எனக்கு நல்ல ஞாபகம். ஒரே வாங்கில் (பெஞ்சில்) ஒரு முனையில் நான், மற்ற முனையில் என் புருஷன், நடுவில் அவருடைய தாய். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. தாய்க்காரி சும்மா இருக்கவில்லை, பிள்ளைகளை எடுத்துவிடுவோம் என்று மெல்லமாகச் சொல்லிக்கொண்டே இருந்தா. மூன்று எட்டுத் தூரத்தில் நின்ற உத்தியோகத்தருக்குக் கேட்டிருக்கும். பிறகு என் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் முற்றம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்கள், வேறு வழக்குக்கு வந்து நின்ற எங்கள் ஊர் ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்தார், பின்னேரம் ஊருக்கே தெரியும்.

கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி "எந்த இடம், ஆற்ற மகள்?" எங்கள் ஆட்களுக்கு அது வணக்கம் மாதிரி, கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் பதில் சொன்னதும் அந்த மனுசன் "ஓ, அவர் எங்களுக்குச் சொந்தமெல்லோ" என்றார். அவர் சொந்தம் என்றது என் புருஷனை. என் கோப்பு அன்று முழுக்க அந்த மனுசனின் மேசையில்தான் கிடந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் "அவர் அடிச்சவர்" என்றுதான் சொன்னேன். இருபது வருடமாக வாயில் வந்த சொல் ஒரு நாளில் "அவன்" ஆகுமா? அதற்கு ஒரு அம்மா சிரித்துவிட்டு, "இவ்வளவு மரியாதை இருக்குத்தானே, பேசித் தீர்க்கலாம், பிள்ளையளின்ர முகத்தைப் பாருங்கோ" என்றா. மரியாதை இல்லை அது, பழக்கம். இதை மட்டும் அவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

கோப்புக்கட்டு

நான் அந்தப் பக்கத்து ஆள், எழுதுவினைஞர். வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பயிற்சி என்று கூப்பிடுவார்கள், தேத்தண்ணி, ரோல்ஸ், குழுப்படம், சான்றிதழ். அடுத்த நாள் அதே கவுண்டர், அதே நெரிசல், தனியாக இருத்த ஒரு அறை கிடையாது. இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றம் வந்தால் படித்தவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். எங்களுடைய நாக்கை மட்டும் திருத்தினால் போதாது.

ஆனால் சொந்தக்காரர் விஷயம் உண்மை. யாழ்ப்பாணத்தில் மாமன் மச்சான் இல்லாத கோப்பு கிடைப்பதே அருமை. எனக்கு ஒருமுறை அப்படி வந்தபோது பதிவாளரிடம் சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டேன், அதற்கு எழுதி வைத்த முறை ஏதும் இருக்கிறதா என்று யோசிக்கவும் இல்லை, மனதுக்குச் சரியில்லை, அவ்வளவுதான். உங்கள் பயிற்சிக்கு யாராவது பதிவாளர் வந்தால் இதை அவர் முன்னிலையில் கதைக்க வையுங்கள்.

கொக்குவில் கறுப்புக்கோட்டு

@கோப்புக்கட்டு அறை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாங்கை எதிர் எதிர்ப் பக்கத்தில் போட அறை வேண்டாமே. வராந்தாவில் நின்று வெருட்டுவது சும்மா குடும்பச் சண்டை இல்லை, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் அச்சுறுத்துவது தனிக் குற்றம், 2015இல் வந்த பாதிக்கப்பட்டவர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்திலும் இருக்கிறது. காதில் விழுந்தால் கடமையில் நிற்கும் பொலிசுக்குச் சொல்லலாம்.

பெயர் வெளியே போவது பற்றியும் கதையுங்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விதமாகப் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். 2015இல் புங்குடுதீவு மாணவி கூட்டு வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் ஊரே கொதித்தது, மே 20ஆம் திகதி யாழ் நீதிமன்றக் கட்டடத்துக்கே கல்லெறிந்தார்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரும் படமும் தெரியாத வீடு இருந்ததா? இன்றைக்கு ஒருவர் வழக்குப் பட்டியலைப் போனில் படமெடுத்துப் போட்டால் போதும்.

பழைய முதலியார்

பிள்ளை, நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் முதலியார் என்ற பதவியில் இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஆட்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். இங்கே விசாரணை தமிழில் நடக்கிறது, ஆனால் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் ஆங்கிலத்தில் போகும். அங்கே இருப்பவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, எங்கள் வசனத்தைத்தான் பார்ப்பார்.

எங்கள் பெண்கள் நடந்ததை நேரே சொல்லமாட்டார்கள். "கரைச்சல் குடுத்தவன்" என்பாள். அதை "டிஸ்டர்ப் பண்ணினான்" என்று எழுதினால் ஏதோ ரேடியோவைச் சத்தமாகப் போட்டவன் மாதிரி இருக்கும். "நான் பேசாமக் கிடந்தன்" என்பாள், அதை "எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை" என்று போட்டுவிட்டால் வழக்கே சரிந்துவிடும், பயத்தில் உறைந்து கிடந்தவளும் சம்மதித்தவளும் ஒன்றா? நானும் தொடக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறேன், வெட்கத்தில் சில சொற்களை மெதுவாக்கியும் இருக்கிறேன். அவள் சொன்னதற்குக் கூடவும் போடக்கூடாது, குறைக்கவும் கூடாது. விளங்கவில்லை என்றால் நீதவானிடம் அனுமதி கேட்டு அவளிடமே திரும்பக் கேட்க வேண்டும். இப்படிப் பத்து வசனத்தை எழுதிக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், பிறகு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவரும் நித்திரை கொள்ளமாட்டார்கள்.

சுண்டுக்குளிப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. சட்டத்தை விட்டுவிட்டு அந்த வாங்கிலேயே தொடங்கப் போகிறேன். நாலு பேரை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரே வாங்கில் பத்து நிமிடம் பேசாமல் இருத்தி வைப்பதாக யோசனை. @பெயர் வேண்டாம் அக்கா, "அவர் அடிச்சவர்" என்றதை ஊர், ஆள் எதுவும் சொல்லாமல் பாவிக்கலாமா?

@பழைய முதலியார் ஐயா, அந்தப் பத்து வசனத்தையும் நீங்களே வந்து நடத்தினால் என்ன?

பெயர் வேண்டாம்

பாவியுங்கள்.

பழைய முதலியார்

வருகிறேன் பிள்ளை. மண்டபம் மேல்மாடி என்றால் முன்னமே சொல்லிப்போடுங்கோ, முழங்கால் சரியில்லை.