நின்னப்ப போகல, ஓடினப்பதான் போச்சு: கொரோனா கால வண்டிக் கணக்கு

ரூட்பஸ்காரன், ராசிபுரம்:

ஆடிட்டர் பழைய கணக்கு ஒண்ணு கேட்டாருன்னு 2020-21 நோட்டைப் பரண்ல இருந்து எடுத்தேன். எடுத்தவன் வேலையை விட்டுட்டு ரெண்டு மணி நேரம் அதையே புரட்டிட்டு உக்காந்துட்டேன். கொரோனா சமயத்துல வண்டி, வாகனம் வெச்சிருந்தவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. உங்க கணக்கையும் எழுதுங்க. முதல்ல நான் சொல்றேன்.

அப்ப ரெண்டு வண்டி எங்களுக்கு. ஒண்ணு ராசிபுரம் - சேலம் ரூட் பஸ், இன்னொண்ணு வெண்ணந்தூர் பக்கம் போற டவுன் பஸ். அப்பா காலத்துப் பெர்மிட்.

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு 144 போட்டாங்க. கடைசி சிங்கிள் (ஒரு வழி நடை) சேலத்துல இருந்து வந்தப்ப படியில தொங்கிட்டு வந்தாங்க. அன்னைக்குக் கலெக்ஷன் பொங்கலுக்கு வர்ற மாதிரி. அதுக்கு அடுத்த பக்கம் ஏப்ரல். நோட்டுல வெறும் செலவு மட்டும் எழுதியிருக்கு: நாலு பேருக்குத் தலைக்கு 5,000 வீதம் 20,000, பேட்டரி தண்ணி, ஷெட் வாடகை. வரவுப் பக்கம் காலி.

எல்லாரும் "வண்டி நின்னதுல எவ்வளவு போச்சு?"ன்னுதான் கேப்பாங்க. நின்னதுல பெருசா ஒண்ணும் போகலீங்க. டீசல் இல்ல, டயர் தேயல. போனது ஓட்ட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்.

ஜூன் 1-ல மண்டலம் பிரிச்சு அரசு பஸ்ஸை விட்டாங்க. கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் எல்லாம் ஒரே மண்டலம், அதனால எங்க ரூட்டுக்குத் தடை இல்ல. பத்து நாள் யோசிச்சுட்டு ஜூன் 10-ல ரூட் பஸ்ஸை மட்டும் எடுத்தேன். அறுபது சதவீத சீட்டுக்கு மேல ஏத்தக்கூடாது, டிக்கெட் விலையும் ஏத்தக்கூடாது. 55 சீட்டுல 33 பேர்.

இப்ப ஒரு மனக்கணக்கு. 2018 ஜனவரியில கட்டணம் ஏத்திக் கொஞ்சம் குறைச்சப்ப சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசான்னு நின்னுச்சு. எங்க தூரம் சுமார் 28 கிலோமீட்டர், ஆளுக்கு 16 ரூபாய் சொச்சம். 33 பேரும் முழு தூரம் வந்தாலும் ஒரு சிங்கிளுக்கு 530 ரூபாய். பத்து சிங்கிள் போனா 5,300. 280 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு நாலரை கொடுக்கிற வண்டி 62 லிட்டர் குடிக்கும். ஜூன் கடைசியில டீசல் 77 ரூபாய் சொச்சம், அதுவே 4,800. மிச்சம் 500 ரூபாய். அதுலதான் டிரைவர், கண்டக்டர், டயர், வரி, இன்சூரன்ஸ், டியூ எல்லாம்.

இதுவும் 33 பேரும் முழுசா ஏறினாத்தான். ஏறினது பன்னெண்டு, பதினஞ்சு பேர்.

ரூட் பஸ் தொழில்ல ஒரு பேச்சு உண்டு. உக்காந்து வர்றவங்க டீசலுக்கு, நின்னுட்டு வர்றவங்கதான் வீட்டுக்கு. அந்த நின்னுட்டு வர்றவங்களை நிறுத்துனதும் தொழில் அங்கேயே முடிஞ்சுது.

பத்து சிங்கிளை ஆறாக் குறைச்சேன். ஒரு நாளைக்கு 2,200 கலெக்ஷன், 2,700 டீசல். டிரைவருக்கு 900, கண்டக்டருக்கு 700. நாளைக்கு 2,100 கையை விட்டுப் போச்சு. அதுல ஒரு கூத்து, நான் வண்டி எடுத்த அந்தப் பதினஞ்சு நாளும்தான் டீசல் விலை தினம் தினம் ஏறுச்சு. ஜூன் 7-ல ஆரம்பிச்சது, மாசக் கடைசி வரைக்கும் நிக்கல. பங்க்ல இருந்த பையன் "அண்ணா, இன்னைக்கு ஏத்தம் கம்மிதான், 45 பைசா"ன்னு ஆறுதல் சொல்லுவான்.

ஜூன் 25-ல மாவட்டம் விட்டு மாவட்டம் போகக் கூடாதுன்னாங்க. ஆண்டகளூர் கேட் நாமக்கல் மாவட்டம், மல்லூர் சேலம் மாவட்டம். அதுக்கு மேல எங்க ஓட்டறது? வண்டியை ஷெட்டுக்குக் கொண்டாந்துட்டேன். பதினஞ்சு நாள், ஒரே வண்டி, 31,500 நஷ்டம். ஏப்ரல் முழுக்க ரெண்டு வண்டியும் நின்னப்ப போனது அதைவிடக் கம்மி. நோட்டுல இந்த ரெண்டு பக்கமும் எதிர் எதிரா இருக்கு.

செலவுன்னு வரும்போது எலியைச் சொல்லாம விட முடியாது. ஓடுற வண்டிக்கு எலி வராது. ஜூலையில மறுபடி எல்லா பஸ்ஸும் நின்னப்ப டவுன் பஸ்ஸோட டேஷ்போர்டுக்குள்ள குடும்பமே நடத்தியிருக்கு. செப்டம்பர்ல சாவியைத் திருப்பினா ஹாரன் மட்டும் அடிக்குது, நிறுத்த முடியல. தெருவே வெளிய வந்துருச்சு. ஆறு மாசத்துல எங்க தெருவுல அவ்வளவு பேரை ஒண்ணாப் பார்த்தது அன்னைக்குத்தான்.

மொறட்டோரியம்:

தவணை தள்ளி வெச்சீங்களா அண்ணா? நாங்க மினி பஸ்ஸுக்கு வாங்கி மாட்டிக்கிட்டோம்.

ரூட்பஸ்காரன், ராசிபுரம்:

வாங்குனேன் தம்பி. ரிசர்வ் வங்கி முதல்ல மார்ச்ல இருந்து மே வரைக்கும் மூணு மாசம் குடுத்துச்சு, அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டுச்சு. மெசேஜ் வந்த அன்னைக்கு வீட்டுல பாயசம் வைக்காத குறைதான். எனக்குப் பாக்கி 14 லட்சம், 12 சதவீத வட்டி. ஆறு மாசத்துக்கு 84,000 வட்டி. யாரும் அதைத் தள்ளுபடி பண்ணலியே, அசலோட போய் உக்காந்துருச்சு.

வட்டிக்கு வட்டி போடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றத்துல வழக்கு நடந்துட்டு இருந்தப்ப, ரெண்டு கோடிக்குள்ள கடன் இருக்கறவங்களுக்கு அந்த வித்தியாசத்தை அரசே தரும்னாங்க. 2020 நவம்பர்ல என் கணக்குல வரவு வந்துச்சு: 2,100 சொச்சம். தப்பா போட்டுட்டாங்களோன்னு நானே காகிதத்துல போட்டுப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. வட்டி 84,000, வட்டியோட வட்டி 2,100. கொடுத்தது அந்தக் குட்டி வட்டியை மட்டும்.

ரிட்டையர்டு கண்டக்டர்:

நான் அரசு பஸ்ஸுல இருந்தவன். முதலாளி தம்பி எழுதுனதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. எங்களுக்குச் சம்பளம் வந்துச்சு. 2020 மே கடைசியில ஓய்வு பெற வேண்டியவன் நான். அந்த மாசம் 7-ம் தேதி வயசை 59 ஆக்குனாங்க, மறு வருசம் பிப்ரவரியில 60. வழியனுப்பு விழாவுக்குன்னு வாங்கி வெச்ச வேட்டி சட்டையை ரெண்டு வருசம் கழிச்சுத்தான் கட்டினேன்.

ஊரடங்குல ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கும் வெளிமாநிலத் தொழிலாளிங்களை ரயிலுக்குக் கொண்டு விடவும் வண்டி போச்சு. அது வேற. செப்டம்பர் 1-ல மாவட்டத்துக்குள்ளயும் 7-ல இருந்து மாவட்டம் விட்டும் விட்டாங்க. முதல் வாரத்துல ஒரு சிங்கிள்ல எனக்கு ஆறு டிக்கெட். ஆறு பேரும் ஆறு மூலையில. சில்லறை குடுத்தா கை நீட்டி வாங்கல, சீட்டு மேல வைங்கன்னாங்க. நான் பையில இருந்து எடுத்து வைக்க, வண்டி குலுங்கி எல்லாம் கீழ கொட்ட, டிரைவர் கண்ணாடியில பார்த்துச் சிரிக்க. இறங்கி வே பில் (நடைக்கு நடை வசூல் எழுதற தாள்) எழுதும்போது அந்தச் சிங்கிள் தொகையை டைம் கீப்பர் ரெண்டு தடவை கேட்டாரு.

ஆனா ஒண்ணு. தனியார் மாதிரி "கட்டுபடி ஆகல, நிறுத்திட்டேன்"னு எங்களால சொல்ல முடியாது. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் நடை போயே ஆகணும். 2021 ஆகஸ்ட்ல நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெச்சப்ப, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினா 59 ரூபாய் 15 பைசா நஷ்டம்னு வந்துச்சு பாருங்க. டீக்கடையில அதைப் படிச்சுட்டு ஒருத்தர் எங்கிட்ட "அப்ப வண்டி நின்னுட்டா லாபமாய்யா?"ன்னாரு. கேலிக்குத்தான் கேட்டாரு. முதலாளி கணக்கைப் பார்த்தா அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு போல. நின்னாலும் எங்களுக்குச் சம்பளம் உண்டு, அதை மட்டும் அவரு மறந்துட்டாரு.

ஸ்கூல் வேன்:

உங்களுக்காவது பதினஞ்சு நாள் ஓடுச்சு. எனக்கு 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடினது. சின்னப் பசங்களுக்கு 2021 நவம்பர் 1-ல திறந்தாங்க. மஞ்சள் வண்டி வேற எதுக்கும் ஆகாது. தக்காளி வித்தேன். அவ்வளவுதான்.

நாமக்கல் லாரி:

எங்க கதை உல்டா. லாரி நிக்கல. ஊரே மூடிக் கிடந்தப்ப ரோடு எங்களுக்கு மட்டும். மார்ச் 25 ராத்திரியில இருந்து ஏப்ரல் 20 வரைக்கும் டோல் கூடக் கிடையாது. சும்மா கேக்கறவங்களுக்கு இது பொற்காலம் மாதிரி தெரியும்.

போகும்போது முட்டை லோடு உண்டு. அதுவும் கோழி தின்னா கொரோனா வரும்னு ஒரு புரளி கிளம்பி முட்டை விலை விழுந்ததுல பண்ணைக்காரங்க வாடகையைப் பாதியாக் கேட்டாங்க. திரும்பி வரும்போது? ஃபேக்டரி எல்லாம் பூட்டு. ரிட்டர்ன் லோடு இல்லாம காலி வண்டியை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வர்றதுக்கு எந்தக் கணக்குல வரவு வெக்கறது? லாரியில லாபம் ரிட்டர்ன்லதான். பஸ்காரர் நின்னுட்டு வர்றவங்களைச் சொன்ன மாதிரிதான் இதுவும். அந்த ஒரு ஓரத்துலதான் தொழிலே நிக்குது, அதைத் தட்டிவிட்டா முடிஞ்சுது.

சாப்பாடு இன்னொரு பாடு. ஓட்டல் ஒண்ணு கூட இல்ல. கேபின்ல ஸ்டவ், அரிசி, பருப்பு, ஊறுகாய். மகாராஷ்டிராவுல ஒரு கிராமத்துக்குள்ள தண்ணி பிடிக்கப் போனவனை ஊருக்குள்ள விடல. ஒரு பெரியம்மா எல்லையில நின்னு குடத்தை வெச்சுட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்னுச்சு. பாஷை தெரியாது. கும்பிட்டுட்டு வந்தேன்.

பங்குச்சந்தை பித்தன்:

நான் வண்டி வெச்சிருந்தவன் இல்ல, வண்டிக் கம்பெனிப் பங்கு வெச்சிருந்தவன். இண்டிகோ விமான நிறுவனத்தோடது கொஞ்சம். ராசிபுரம் அண்ணன் சொன்ன கணக்கு பெரிய கம்பெனிக்கும் அப்படியே பொருந்துதுன்னு சொல்லத்தான் வந்தேன்.

2020 மே 25 வரைக்கும் உள்நாட்டு விமானமே பறக்கல. ஜூலையில பத்து சதவீத ஆளைக் குறைக்கறதா அறிவிச்சாங்க. 2020-21 நிதியாண்டுல நஷ்டம் 5,806 கோடி. சரி, விமானமெல்லாம் நின்னுச்சு, நஷ்டம் வரத்தானே செய்யும்னு நானும் விக்காம வெச்சிருந்தேன். மறு வருசம் நல்லாவே பறந்துச்சு. வருமானம் 14,600 கோடியில இருந்து 25,900 கோடிக்கு மேல போச்சு. நஷ்டம்? 6,162 கோடி. பறந்த வருசத்துலதான் கூட. எரிபொருள் விலை ஏறினதும், ரெண்டாவது அலை, ஒமைக்ரான்னு நடுநடுவுல ஆள் வராம போனதும் சேர்ந்துக்கிச்சு.

ஒரு வித்தியாசம் உண்டு. அவங்க கையில ரொக்கம் இருந்துச்சு, தாக்குப் பிடிச்சாங்க. 2023-24-ல 8,172 கோடி லாபம். ராசிபுரத்துல அவ்வளவு நாள் காத்திருக்க யாருக்கு முடியும்? எனக்கே முடியல, 2022-லயே வித்துட்டேன். சிரிக்காதீங்க.

வெண்ணந்தூர் மருமகள்:

ரூட்பஸ்காரர் அண்ணா, உங்க டவுன் பஸ்ஸுலதான் தறிப்பட்டறைக்கு நான் நாலு வருசம் வந்தேன்னு நினைக்கிறேன். அது என்னாச்சு? இப்ப காணோமே.

ரூட்பஸ்காரன், ராசிபுரம்:

அது நீங்க இறங்கிப் போனதுல போச்சும்மா. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல குறை இல்ல.

2021 மே 7-ல புது முதலமைச்சர் போட்ட முதல் கையெழுத்துகள்ல ஒண்ணு, அரசோட சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லைன்னு. அரசு பஸ்ஸுக்கு அதை ஈடுகட்ட 1,200 கோடி ஒதுக்கினாங்க. மூணே நாள்ல, மே 10-ல, ரெண்டாவது ஊரடங்கு. எங்க மேற்கு மாவட்டங்கள்ல தொற்று அதிகம்னு ஜூலை 5-லதான் பஸ்ஸை விட்டாங்க. மறுபடி எலி, மறுபடி வயரு.

ஜூலையில டவுன் பஸ்ஸை எடுத்த முதல் நாள் காலை 8 மணி நடையில நானே கூடப் போனேன். எப்பவும் தறிக்குப் போற பொம்பளைங்கதான் முக்காவாசி. ஸ்டாப்புல இருபது பேர் நிக்கறாங்க, வண்டியை நிறுத்தறோம், ஒருத்தரும் ஏறல. தெரிஞ்ச முகம்தான் எல்லாம். ஒரு அக்கா மட்டும் கிட்ட வந்து "பின்னாடி நம்ம வண்டி வருது சாமி"ன்னு சொல்லிட்டுத் தள்ளி நின்னுக்கிச்சு. "நம்ம வண்டி"ன்னு அது சொன்னது அரசு பஸ்ஸை. போக வர நாளைக்கு இருபது ரூபாய் மிச்சம், மாசத்துக்கு 500. தறிக் கூலியில அது பெரிய காசு. எங்க வீட்டுப் பொம்பளையா இருந்தாலும் அதுலதான் போகச் சொல்லுவேன்.

அக்டோபர்ல டீசல் நூறைத் தொட்டுச்சு. 2018-ல 58 பைசா போட்டப்ப டீசல் 65-ஐ ஒட்டி இருந்தது. 35 ரூபாய் வித்தியாசம், 62 லிட்டர்னா ரூட் பஸ்ஸுக்கு மட்டும் நாளைக்கு 2,170. டிக்கெட் அதே டிக்கெட். நவம்பர்ல கலால் வரியைப் பத்து ரூபாய் குறைச்சாங்க, கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

டவுன் பஸ்ஸைப் பெர்மிட்டோட 2022 தை மாசம் கை மாத்திட்டேன். வந்த காசுல ரூட் பஸ்ஸோட டியூவை அடைச்சேன். அந்த வண்டியில இருந்த கண்டக்டர் முதல் ஊரடங்குலயே சேலத்துல காய்கறித் தள்ளுவண்டி போட்டவரு. செப்டம்பர்ல கூப்பிட்டப்ப வந்தாரு, ரெண்டு மாசம் பார்த்துட்டு, "இல்லீங்க, தள்ளுவண்டியில எனக்கு 600 நிக்குது"ன்னு திரும்பப் போயிட்டாரு. இப்ப ரெண்டு தள்ளுவண்டி அவருக்கு. எங்கிட்ட ஒரு பஸ்ஸு.

மினி பஸ், ஆத்தூர்:

அந்த எலி கடிச்ச வயரிங்குக்கு இன்சூரன்ஸ் கேட்டீங்களா? எங்களுக்கும் அதே கேஸ்.

ரூட்பஸ்காரன், ராசிபுரம்:

கேட்டேனுங்க. விபத்து எந்த இடத்துல, எத்தனை மணிக்கு நடந்துச்சுன்னு எழுதச் சொன்னாங்க.