எடிட்டர் சொல்லும் மாற்றங்களை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வது?

கேள்வி: குடியாத்தம் தறிக்காரர் மகன்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் லுங்கி நெசவை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதிச் சென்னையில் உள்ள ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். வெளியிட விருப்பம் தெரிவித்த அவர்கள், பிரதியைத் தங்கள் எடிட்டரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பார்த்துத் திருப்பி அனுப்பிய கோப்பு இப்போது என் கையில் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களை நீக்கிவிட்டுத் தாத்தாவின் சாவிலிருந்து கதையைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். குழித்தறியில் பாவு பிணைப்பதை நான் விரிவாக எழுதியிருந்த பக்கங்களின் ஓரத்தில் “இது இங்கே தேவையா?” என்று கேட்டிருக்கிறார். உரையாடல்களில் எங்கள் ஊர்ப் பேச்சைப் பல இடங்களில் பொதுவான பேச்சாக மாற்றியும் இருக்கிறார்.

அவர் நாவலை அக்கறையோடு படித்திருக்கிறார் என்பது குறிப்புகளிலேயே தெரிகிறது. ஆனால் எடிட்டர் எதுவரை கைவைக்கலாம், நான் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது பிடிபடவில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: காட்பாடி மெய்ப்பாளர்

வணக்கம் ஐயா. மெய்ப்புப் பார்ப்பவராக இந்தத் தொழிலுக்கு வந்து, இப்போது பதிப்பகங்களுக்கு எடிட்டிங் செய்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் குறிப்புகள் மூன்று வெவ்வேறு வேலைகளைச் சேர்ந்தவை. அவை ஒரே கோப்பில் ஒன்றாக வந்ததுதான் உங்களைத் திணறச் செய்கிறது. கதை எங்கே தொடங்க வேண்டும், எந்த அத்தியாயம் எங்கே நிற்க வேண்டும் என்பது அமைப்பைப் பற்றிய வேலை. வாக்கியத்தின் ஓட்டம், பேச்சின் நடை ஆகியவை அடுத்த நிலை. ஒற்று, எழுத்துக்கூட்டல், பெயர்கள், ஆண்டுகள், தகவல்கள் ஆகியவற்றைச் சரிபார்ப்பது அதற்கும் பிந்தையது. நீக்கப்படப்போகும் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றுப் பிழை பார்ப்பதால் யாருக்கும் பயன் இல்லை என்பதால், முதலில் அமைப்பைப் பேசி முடித்துவிடுங்கள். பக்கம் கட்டி மெய்ப்பு வந்த பிறகு ஒரு பத்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் நகரும். அச்சகத்துக்குப் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள், அதுவும் மாறும்.

முதல் மூன்று அத்தியாயங்களைப் பற்றி எடிட்டரிடம் நேரடியாகப் பேசுங்கள். “படிக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்குத் தொய்வு வந்தது?” என்று கேளுங்கள். எடிட்டர் ஓர் இடத்தில் குறை இருப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் அங்கே ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் அதற்கு அவர் சொல்லும் தீர்வு ஒன்றுதான் வழி என்பதில்லை. அந்த மூன்று அத்தியாயங்களில் உள்ள ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே, பின்னால் வரும் எந்தச் சம்பவம் அதை நம்பி நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாத காட்சிகளைத் தயங்காமல் எடுத்துவிடலாம். பாவு பிணைக்கும் பகுதி இப்போது வெறும் விவரமாக நின்றால், பேரன் முதன்முதலாகத் தறியில் உட்காரும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக முடியுமா என்று யோசியுங்கள். அவர் “இங்கே தேவையா?” என்றுதான் கேட்டிருக்கிறார், அந்த “இங்கே”யைக் கவனியுங்கள்.

தகவல் சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்பதற்கு என் கைக்கு வந்த ஒரு நாவலிலிருந்து சொல்கிறேன். 1985இல் நடக்கும் அத்தியாயத்தில், கதைநாயகன் திருவண்ணாமலையில் ரயில் ஏறி, பெட்டியை விட்டு இறங்காமலே ஜோலார்பேட்டை போய்ச் சேர்கிறான். அந்தக் காலத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் கண்டோன்மென்ட் வழியாகக் காட்பாடி வரை இருந்தது மீட்டர் கேஜ். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு அகல ரயில் பாதை. எனவே அவன் காட்பாடியில் இறங்கி வண்டி மாறியே ஆக வேண்டும். அதே அத்தியாயத்தில் “திருவண்ணாமலை மாவட்டம்” என்றும் வந்தது. வட ஆற்காடு 1989இல்தான் இரண்டாகப் பிரிந்தது. நான் எதையும் மாற்றவில்லை. இரண்டையும் ஓரத்தில் குறித்துக் கேள்வியாக அனுப்பினேன். மாவட்டத்தின் பெயரைத் திருத்திய அந்த எழுத்தாளர், காட்பாடி நடைமேடையில் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு காட்சியைப் புதிதாகவே எழுதிச் சேர்த்தார். நானே அந்த வரியைத் திருத்தியிருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. கேள்வியாக அனுப்புவதை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

குடியாத்தம், குடியேற்றம் என்று இரண்டு வழக்கும் உங்கள் நாவலில் கலந்து வந்தால், அதையும் எடிட்டர் கேட்பார். பேர்ணாம்பட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவருக்குப் பேருதவியாக இருக்கும். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இந்த வேலையில் எங்களுக்கு இன்றும் துணை. 1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், தமிழில் எடிட்டிங்கைப் பதிப்பகத்தின் தவிர்க்க முடியாத பொறுப்பாகக் கருதிச் செயல்பட்டவர் என்பதையும் நன்றியோடு இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பதில் 2: ஆம்பூர் வாசகி

மேலே ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். பேச்சு மொழியைப் பற்றி மட்டும் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி நான் எழுதிய கதையில் ஒரு பாட்டி, “அவன் அப்பவே பூட்டான், நீ இன்னாத்துக்கு இங்கயே குந்திகினு கீற?” என்று கேட்பாள். அது, “அவன் அப்பவே போயிட்டான், நீ எதுக்கு இங்கயே உட்கார்ந்திருக்க?” என்று மாறி வந்தது. மாறிய வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லலாம். என் பாட்டி அதில் இல்லை.

நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது எடிட்டர் சொன்ன காரணம் நியாயமாக இருந்தது. அதே பாட்டி வேறு பக்கங்களில் “போயிட்டான்” என்றும் பேசியிருந்ததால், எது நான் வேண்டுமென்றே எழுதியது, எது கைப்பழக்கத்தில் வந்தது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. அதன்பிறகு இருவரும் பாத்திரம் பாத்திரமாகப் பேசி முடிவு செய்தோம். பாட்டியும் அவள் தோழிகளும் முழுக்க நம் பக்கத்துப் பேச்சில் பேசுவார்கள். கல்லூரிக்குப் போன பேத்தி வீட்டில் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் பேசுவாள். கதைசொல்லியின் நடை எழுத்துத் தமிழிலேயே இருக்கும். கொச்சைச் சொற்களை எப்படி எழுத்துக்கூட்டுவது என்பதையும் அப்போதே வரையறுத்துக்கொண்டோம். “இந்தப் பேச்சு வெளியூர் வாசகருக்குப் புரியாது” என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நெல்லைத் தமிழையும் கொங்குத் தமிழையும் படித்துப் பழகிய வாசகர்கள் வட ஆற்காட்டுத் தமிழையும் படிப்பார்கள்.

பதில் 3: சத்துவாச்சாரி வழக்கறிஞர்

சட்டம் தொடர்பானதை மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், படைப்பு தன்னுடையது என்று கோரவும், தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு விளைவிக்கும் வகையில் அதைச் சிதைத்தால் தடுக்கவும் எழுத்தாளருக்கு உரிமை உண்டு. இருந்தாலும் ஓர் அத்தியாயத்துக்காக நீதிமன்றப் படியேறுவதைவிட, “ஆசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற்ற இறுதிப் பிரதியே அச்சுக்குப் போகும்” என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது நல்லது. கூடவே காலமும் எல்லையும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்றும் கொள்ளப்படும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காட்சிப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் பாதிக்கு மேல் எதிரே எழுத ஒன்றும் இல்லை. மூன்றாவது அத்தியாயத்தில் வரும் கடன் பத்திரத்தை நம்பித்தான் கடைசிப் பகுதியே நிற்கிறது என்பதால் அதை விட மனம் இல்லை. இதை எடிட்டரிடம் எழுதிக் கேட்பதா, நேரில் போய்ப் பேசுவதா?

காட்பாடி மெய்ப்பாளர்

முதலில் எழுதுங்கள் ஐயா. எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை, எதைப் பேச வேண்டும் என்று பக்க எண்ணோடு எழுதி அனுப்பிவிட்டு, அவர் அதைப் படிக்க ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கடன் பத்திரத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் நேரில் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.