1954இல் மறைந்த மூவரை ஒரே மேடையில் நினைவுகூரலாமா?

பொருநைக்கரை (கேள்வி):
வணக்கம். ஒரே ஆண்டில் மறைந்த பெரியவர்களை ஒரே மாலையில் நினைவுகூரும் கூட்டம் ஒன்றை எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 1954ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வாண்டு பிப்ரவரி 16இல் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரும், செப்டம்பர் 26இல் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும், டிசம்பர் 5இல் கல்கியும் காலமானார்கள். ஆண்டு ஒன்று என்பதைத் தவிர, மூவரையும் சேர்த்துப் பேச வேறு நியாயம் இருக்கிறதா? அதே ஆண்டில் மறைந்த கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங்கையும் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

பழைய இதழ்ப் பிரியன்:
டூரிங்கும் ஃபெர்மியும் தனிக் கூட்டத்துக்கு உரியவர்கள். இங்கே சேர்த்தால் நாட்காட்டியின் பின்பக்கத்தை வாசித்தது போலாகிவிடும். இந்த மூவரின் கதை வேறு. ஒருவரையொருவர் படித்தும் பாராட்டியும் வாழ்ந்தவர்கள் இவர்கள். திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கிய வட்டத்தில் கம்பன் பாடல்கள் சுவைக்கப்பட்டன. கம்பனைப் பற்றி அவர் கல்கி இதழிலும் எழுதினார். தமிழிசைக்காக டி.கே.சி.யும் கல்கியும் ஒரே அணியில் நின்று வாதாடினார்கள். கூட்டத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்தது அவ்வாண்டு மே மாதத்தில். கல்கியின் எழுத்தை அவ்வளவு ரசித்த டி.கே.சி.க்கு அதன் முடிவைப் படிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

நாஞ்சில் வாசகன்:
கவிமணியை மற்ற இருவருக்கும் நடுவில் வைத்து அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ பாடலோடு அவரைக் குழந்தைக் கவிஞராக முடித்துவிடுவது எல்லாக் கூட்டங்களிலும் நடக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழிச் சொத்துரிமையால், அதாவது சொத்து சகோதரியின் மக்களுக்குச் சேரும் முறையால், மனைவியும் மக்களும் பட்ட அல்லலை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் நகைச்சுவையும் சீற்றமும் கலந்து பாடியவர் அவர். சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றிக் கல்வெட்டுகளைத் துருவி ஆராய்ந்தவரும் அவரே. அவர் மறைந்தபோது, அவர் பிறந்த தேரூரும் வாழ்ந்த புத்தேரியும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்குள் இருந்தன. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது அவ்வாண்டு ஆகஸ்ட் 11இல். கவிமணி காலமானது அடுத்த மாதம். 1956 நவம்பர் 1இல் நிகழ்ந்த இணைப்பை அவர் பார்க்கவில்லை.

பழைய இதழ்ப் பிரியன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நினைவுக் கூட்டம் என்பதற்காக வெறும் புகழுரையும் வேண்டாம். கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கியதையும், செவிக்குச் சரியாகப் படாத சொற்களை மாற்றியதையும் புலவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். சுவடி ஆதாரத்தைவிடத் தம் ரசனையை மேலாக வைத்தது பிழை என்பதே என் கருத்து. ஆயினும் கம்பனைப் பண்டிதர்களுக்கு வெளியே வாசிக்கவைத்ததில் அந்தப் பிழையைச் செய்தவருக்குத்தான் பெரும்பங்கு.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மறைந்த வரிசையிலேயே பேசுவதாக முடிவு செய்திருக்கிறேன். முதல் இருவரும் போனபோது அவர்களைப் பற்றி எழுதக் கல்கி இருந்தார். கவிமணிக்குப் பின் எழுபதே நாட்களில், ஐம்பத்தைந்து வயதில், அவரும் போனபோது ‘அமரதாரா’ நாவல் பாதியில் நின்றது. குறிப்புகளைக் கொண்டு அதை முடித்தவர் மகள் ஆனந்தி. கல்கியின் ‘அலை ஓசை’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்ததும் 1956இல்தான். கடைசி அரைமணி நேரத்தில் ‘அமரதாரா’விலிருந்து ஒரு பகுதியை வாசிக்கச் செய்யலாம் என்றிருக்கிறேன்.