பொருள்: விமானி தொடக்கப் பயிற்சிக் கையேடு – ‘வி-ஒன்’ என்பதற்குக் கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். விமான நிறுவனத்தில் புதிதாகச் சேரும் விமானிகளுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தரைவகுப்பு, வகைத் தகுதி (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி), வழித்தடப் பயிற்சி ஆகிய சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. விமானம் மேலெழ ஓடுபாதையில் ஓடும்போது, எந்த வேகத்துக்குமேல் ஓட்டத்தை நிறுத்த முயலக் கூடாதோ அதுவே ‘வி-ஒன்’ (V1). விமானி அறையில் அப்படியே கூவுவார்கள், அதை மாற்றச் சொல்லவில்லை. விளக்கப் பகுதிக்குத்தான் தமிழ்ப்பெயர் வேண்டும். ‘முடிவு வேகம்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், “ஓட்டம் முடியும்போது உள்ள வேகமா?” என்று கேட்டுவிட்டார்.

இயற்பியல் ஆசிரியர்:
அவர் கேட்டது நியாயமே. பாய்மத்தில் விழும் பொருள் இறுதியில் எட்டும் மாறாத வேகம் தமிழகப் பாடநூல்களில் முற்றுத்திசைவேகம், இலங்கையில் முடிவு வேகம். போதாக்குறைக்கு, இங்கே வேகம் என்பதை அங்கே கதி என்பார்கள். இங்கே திசைவேகம் என்பது அங்கே வேகம். ஆகவே ‘முடிவு’ வேண்டாம்.

தமிழாசிரியர்:
‘துணிவேகம்’ என்று வினைத்தொகையாக அமைக்கலாம். துணிதல் முதலில் வெட்டுப்படுதல். துண்டு, துணி எல்லாம் அவ்வழி வந்தவை. ஐயத்தை வெட்டி எறிவதால் அதுவே தீர்மானித்தலும் ஆயிற்று. இலத்தீனிலும் தீர்மானத்தைக் குறிக்கும் சொல் வெட்டுதலிலிருந்து பிறந்ததே என்பதை எண்ணி மகிழலாம். “எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு” என்ற குறளைவிட இவ்வேகத்துக்கு வேறு வரையறை எதற்கு?

தனித்தமிழ் அன்பர்:
வேகம் வடசொல். ‘மீளா விரைவு’ என்க.

விமானப் பயிற்றுநர்:
மீளா என்றதும் மீளாத் துயில்தான் நினைவுக்கு வருகிறது. புதியவரை முதல் நாளே அச்சுறுத்த வேண்டாம். பொருளும் பொருந்தாது, ஏனெனில் அவ்வேகத்தைத் தாண்டி எழும் விமானம் ஒரு சுற்று வந்து அதே ஓடுபாதையில் இறங்கலாம். மீள முடியாதது ஓட்டத்தை நிறுத்தும் வாய்ப்பு மட்டுமே. குறள் பொருந்துகிறது, ஆனால் ஐயா எண்ணிய காரணத்தால் அன்று. வி-ஒன்னில் தீர்மானிப்பதில்லை, நிறுத்துவதானால் அந்த வேகத்துக்குள் முதல் செயல் தொடங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் கணக்கிட்ட தொலைவுக்குள் விமானம் நிற்கும். அது எட்டப்பட்டதும் தலைமை விமானி உந்துவிசை நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்துவிடுவார், பழைய எண்ணம் திரும்பக் கூடாது என்பதற்காக. சிமுலேட்டரில் நாங்கள் வி-ஒன்னைத் தாண்டிய நொடியில் ஓர் எஞ்சினை அணைப்போம். விமானம் செயலிழந்த எஞ்சின் பக்கம் திரும்பும், புதியவர் சுக்கான் மிதியால் நேர்ப்படுத்தி, மீதி எஞ்சினோடு எழ வேண்டும். உலர்ந்த ஓடுபாதையானால், குறித்த தொலைவு முடிவதற்குள் 35 அடி உயரம் எட்டும்படி கணக்கு போடப்பட்டிருக்கும். இதைச் செய்யத் துணிச்சல் தேவையில்லை, பழக்கம் போதும். ‘துணிவேகம்’ என்றாலோ இன்றைய வாசகர் வீரத்தைத்தான் நினைப்பார். ‘நிறுத்தெல்லை வேகம்’ என்றால் விளக்கமே வேண்டாம்.

தமிழாசிரியர்:
வாசகர் ஒரு சொல்லின் பழம்பொருளை மறந்ததற்காக அச்சொல்லைக் கைவிடுவது என்றால், நாளடைவில் எதுதான் மிஞ்சும்? தவிர, ‘நிறுத்து’ என்பதற்கு எடை போட்டு என்றும் பொருளுண்டு. நிறுத்தலளவை என்கிறோம் அல்லவா?

விமானப் பயிற்றுநர்:
அதனால் கேடில்லை ஐயா. எடை, ஓடுபாதையின் நீளம், ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கொண்டு ஒவ்வொரு பறப்புக்கும் வி-ஒன்னைப் புதிதாகக் கணக்கிடுகிறோம். எடை போட்ட வேகம் என்று படித்தாலும் பாதி சரிதான்.

மொழிபெயர்ப்பாளர்:
தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘நிறுத்தெல்லை வேகம்’ பக்கமே பெரும்பான்மை. அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ‘துணிவேகம்’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மறுப்பு இழையில் பதிவாகட்டும்.

தனித்தமிழ் அன்பர்:
வேகம் இன்னும் வடசொல்தான்.