முன்சீப் வேதநாயகம் பிள்ளை: புத்தகங்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். 1879-ல் வந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவல் பற்றி வேண்டிய அளவு படித்தாயிற்று, அதை விட்டுவிடலாம். எனக்கு வேண்டியது மற்ற இரண்டு முகங்கள்.

ஒன்று, முன்சீப், அதாவது கீழ்நிலை சிவில் கோர்ட் நீதிபதி. ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர் அவர். அந்தக் காலத்து முன்சீப் கோர்ட் எப்படி நடந்தது, பிராது (வழக்கு மனு), வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் எந்த மொழியில் எழுதப்பட்டன என்று ஆதாரத்தோடு சொல்லும் சட்ட வரலாற்று நூல் எது? சட்டம் படித்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

இரண்டு, பாடலாசிரியர். அவருடைய பாடல் தொகுப்பான 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பற்றி. என்னிடம் இருக்கும் பிரதியில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் மட்டும் போட்டிருக்கிறது, ஸ்வரம் கிடையாது. ஸ்வரக் குறிப்போடு யாராவது பதிப்பித்திருக்கிறார்களா? பிற்காலத்தில் மெட்டு மாறியதா என்று ஆராய்ந்த நூல் இருந்தால் இன்னும் நல்லது.

வாழ்க்கை வரலாறு சொல்பவர்கள் தயவுசெய்து வெறும் புகழ்மாலை வேண்டாம். தமிழ்ப் புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு இருந்த நட்பைக் கடிதம், பாடல் என்று சான்று காட்டிப் பேசும் புத்தகமாக இருக்கட்டும்.

கூடவே ஒரு ஆசை: உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் (கர்நாடக இசைப் பாடல்களில்) தோய்ந்த டி.எல். வெங்கடராம ஐயர் பற்றியும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பாடகி டி.கே. பட்டம்மாளுக்கே தீட்சிதர் கிருதிகள் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே!

பதிப்பகம், ஆண்டு தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். ஸ்கேன் பிரதியானாலும் சரி.