சிலையா, கூரையா, சாவு வீட்டில் நின்று சொல்ல நாலு பேரா? எங்கள் சங்கத்துக்கு எது முதலில்?

அமராவதிக்கரை கட்டிங் மாஸ்டர்:

ஜெய்பீம். நமோ புத்தாய.

தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் சின்ன ஊர் எங்களுடையது. பௌத்த சங்கத்தின் பேரேட்டில் 38 குடும்பம் இருக்கிறது. பௌர்ணமிக்கு வருவது பதினொன்று. சனிக்கிழமை சம்பளம் இழுத்தடித்த வாரம் என்றால் ஏழு. நான்தான் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று போட்டார்கள், வேறு தகுதி கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை, போக வர தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில். இதையும் பஸ்ஸில்தான் தட்டிக்கொண்டு வருகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாக மாதம் நூறு, இருநூறு என்று போட்டதெல்லாம் சேர்ந்து கையில் 4,20,000 ரூபாய் இருக்கிறது. ஒரு பெரியவர் எழுதிக்கொடுத்த மூன்றரை சென்ட் இடமும் இருக்கிறது. அடுத்த ஐந்து வருடத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு எடுக்கக் கூட்டம் போட்டோம். மூன்று கூட்டம் ஆயிற்று. மூன்றாவது கூட்டத்தில் எங்கள் சித்தப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்திக்கொண்டதுதான் மிச்சம்.

பெரியவர்களுக்குச் சிலை வேண்டும். திருமுருகன்பூண்டி சிற்பக்கூடத்துக்கே போய் ஆறடி கருங்கல் புத்தருக்கு விலை கேட்டு வந்துவிட்டார்கள். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் போய்விடும். பசங்களுக்குக் குரூப் 4 பயிற்சி வகுப்பு வேண்டும். ஒரு தம்பி, எல்லாரும் பத்து நாள் விபாசனா தியான முகாம் போய்விட்டு வந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்கிறான். நல்ல விஷயம்தான், பணமும் கேட்கமாட்டார்கள். ஆனால் கம்பெனியில் பத்து நாள் லீவு கேட்டால் பதினோராம் நாள் என் மேஜையில் வேறு ஆள் நிற்பான்.

என் மனசில் இருப்பது வேறு. போன புரட்டாசியில் எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். எங்கள் ஊரில் முதல் தலைமுறையாகத் தீட்சை வாங்கியவர்களில் ஒருவர். வீட்டுச் சுவரில், தீட்சைக்கு அம்பேத்கர் கொடுத்த 22 உறுதிமொழியும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அதில் ஆறாவது, திதி கொடுக்கமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பது. சரி, அதைச் செய்யமாட்டோம். அப்புறம் எதைச் செய்வது? மயானத்தில் குழி வெட்டி முடித்தாயிற்று. நெய்ப்பந்தம் இல்லை, வாய்க்கரிசி இல்லை. மகன் என் முகத்தைப் பார்க்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு பையன் செல்போனில் பாலி ஓதலைத் தேடிப் பிடித்து, போனை பாடை மேலேயே வைத்தான். "புத்தம் சரணம்" இரண்டு தடவை வந்திருக்கும். மூன்றாவதுக்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஐந்தே நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை என்று ஒரு பெண் குரல், மயானம் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மகன் பதினாறாம் நாள் பண்டாரத்தைக் கூப்பிட்டு எல்லாம் பழையபடி செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். பிறப்பு, கல்யாணம், சாவு இந்த மூன்றுக்கும் முன்னால் நின்று நடத்த எங்களுக்குள்ளேயே நாலு பேரைத் தயார் செய்வதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன். கூட்டத்தில் சொன்னால், "அதுக்கு எதுக்குப் பணம், அது ஒரு வேலையா" என்கிறார்கள். உங்கள் ஊர்களில் எதை முதலில் எடுத்தீர்கள்?

கோபி ஈசேவை:

அண்ணா, நீங்கள் சொன்ன நாலில் காகிதமே இல்லையே.

என் கடைக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன். வீட்டில் புத்தர் படம் இருக்கும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் இந்து என்று இருக்கும். ஏன் என்றால், மாற்றினால் சலுகை போய்விடும் என்கிற பயம். பட்டியல் சாதியில் இருந்து பௌத்தம் தழுவியவர்களுக்கும் அந்தத் தகுதி உண்டு என்று 1990-லேயே சட்டம் திருத்திவிட்டார்கள். முப்பத்தைந்து வருடம் ஆகியும் இது நம் ஆட்களுக்கே தெரியாது. அருந்ததியர் வீடுகளில் இன்னும் கூடுதல் பயம், 2009-ல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீடும் கைவிட்டுப் போகுமோ என்று. அவர்களிடம் நாலு தடவை உட்கார்ந்து பேச வேண்டும், மேடையில் சொன்னால் இறங்காது.

இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கப் பௌத்தர்கள் 11,186 பேர். நம் கோபி வாரச்சந்தைக் கூட்டத்தையும் பெருந்துறைச் சந்தைக் கூட்டத்தையும் சேர்த்தாலே அவ்வளவு வரும் போலிருக்கிறது. அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் மதம் என்ன என்று கேட்கவே இல்லை, அவரே எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கெடுக்க வருகிறார்கள், இந்த முறை சாதியும் கேட்பார்கள். அதற்குள் 38 வீட்டுக்கும் ஒரு தடவை போய், என்ன சொல்ல வேண்டும், எழுதியதைக் காட்டச் சொல்லி எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பெட்ரோல் செலவு மட்டும்தான். கல்யாணத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1955 திருமணச் சட்டத்துக்குள் பௌத்தர்களும் வருவார்கள், அதனால் தயக்கமே வேண்டாம்.

மேட்டுப்பாளையம் அக்கா:

தம்பி, அந்த போன் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் சிலோனில் இருந்து வந்த குடும்பம். 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியேறி அப்புறம் கீழே இறங்கினோம். அங்கே பதுளைப் பக்கம் சிங்களவர் வீட்டுச் சாவை சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். வழி நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். பிக்குகளுக்கு வெள்ளைத் துணி கொடுப்பார்கள். அப்புறம் வீட்டு ஆட்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்து ஒரே கூஜாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிறைந்து தட்டில் வழிகிற வரைக்கும் ஊற்றுவார்கள், பிக்கு ஓதிக்கொண்டே இருப்பார். செய்த புண்ணியம் செத்தவருக்கும் போய்ச் சேரட்டும் என்று அர்த்தம். கைக்குக் கை தொட்டுக்கொண்டு உட்கார்வார்கள் பாருங்கள், அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

உண்மையைச் சொன்னால், காவித் துணியைக் கண்டாலே எங்கள் அம்மாவுக்குக் கடைசி வரை பயம்தான். நாங்கள் அங்கே பட்டது அப்படி. நான் பௌத்தத்துக்கு வந்தது அம்பேத்கர் வழியாக, இங்கே வந்த பிறகுதான். அதனால் அங்கே செய்கிற மாதிரியே செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். கூஜாவும் கிண்ணமும் போதும், அவ்வளவு. பாலியில் ஓதினாலும் அடுத்த வரியே தமிழில் சொல்லிவிட வேண்டும். "அனிச்சா வத சங்காரா" என்று சொல்லிவிட்டு, "சேர்ந்து உண்டானதெல்லாம் நிலையில்லாதது" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அழுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த நாலு பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். மயானத்துக்கு வரக்கூடாது என்று யாராவது சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள்.

தலைவாசல்காரன்:

சிலைக்காகச் சண்டை போடுகிற பெரியவர்களை ஒரு ஞாயிறு எங்கள் பக்கம் கூட்டிவாருங்கள். தியாகனூரில் பழைய புத்தர் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கும் மேலே. ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த சிலை புத்தர்தான் என்று 2022 ஜூலையில் உயர் நீதிமன்றமே சொன்னது. 2011-ல் போட்ட வழக்கு அது. பதினோரு வருடம்! இருக்கிற சிலைக்கே இந்தப் பாடு, புதுசு எதற்கு என்பது என் கேள்வி.

அமராவதிக்கரை கட்டிங் மாஸ்டர்:

தலைவாசல் தம்பி, நீங்கள் சொன்னதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவங்க ஊர்ல இருக்குது, பேசுவாங்க. நம்ம பக்கம் விஜயமங்கலம் போனாலும் சீனாபுரம் போனாலும் சமணந்தான், நமக்குன்னு என்ன இருக்குது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சிலை கேட்பது பக்தியில் இல்லை என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

அக்கா, கூஜா விஷயம் எனக்குள் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டிலேயே பித்தளைக் கூஜா ஒன்று பரணில் கிடக்கிறது.

ஈரோடு பழைய வாத்தியார்:

கட்டிங் மாஸ்டர், கட்டடம் வேண்டாம் என்று மட்டும் தீர்மானத்தில் எழுதிவிடாதீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு ஒரு மண்டபத்தில் தேதி கொடுத்துவிட்டு, நாங்கள் யார் என்று தெரிந்ததும் அதே தேதியில் வேறு ஆள் புக் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். மழையில் நனையாமல் முப்பது பேர் உட்காரும் இடம் உங்களுடையதாக இருக்க வேண்டும். தகரக் கூரை போதும். கருங்கல் புத்தர் பின்னால் வரட்டும்.

வஜ்ஜி நாட்டின் மேல் படையெடுக்கலாமா என்று மகத மன்னன் அஜாதசத்துரு தன் மந்திரியைப் புத்தரிடம் அனுப்பினான். புத்தர் அந்த மந்திரிக்கு நேராகப் பதில் சொல்லாமல் தன் சீடர் ஆனந்தரைப் பார்த்துக் கேட்டார்: வஜ்ஜிகள் அடிக்கடி கூடுகிறார்களா? ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாக எழுந்து போகிறார்களா? ஏழு கேள்வியில் முதல் இரண்டும் இவைதான். கோட்டையைப் பற்றியோ யானையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பின்பு பிக்குகளைக் கூட்டி அவர்களுக்கும் அதையே முதலில் வைத்தார். உங்கள் 38-ல் பதினொன்றுதான் வருகிறது என்றால், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உறுத்துகிறது. ஏன் பௌர்ணமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவன் செவ்வாய்க்கிழமை இரவு எப்படி வருவான்? தமிழ்ப் பௌத்தத்தை எழுப்பிய அயோத்திதாசரின் சங்கக் கிளை கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்கள் ஊரில்தான் இருந்தது. நம்மைப் போலத்தான்.

பணத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்னது: வருவதில் ஒரு பங்கை அனுபவி, இரண்டு பங்கைத் தொழிலில் போடு, நாலாவதை ஆபத்துக்கு எடுத்து வை. தனி ஆளுக்குச் சொன்னது, சங்கத்துக்கு அல்ல, ஆனாலும் உதவும். உங்கள் தொகையில் ஒரு பங்கு 1,05,000. பிள்ளைகளின் பயிற்சி வகுப்பும் ஆட்களைத் தயார் செய்வதும் உங்கள் தொழில் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

பிக்கு இல்லையே என்று தயங்க வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் மகாபோதி சங்கத்தில் போய்க் கேளுங்கள். அந்தியூரில் இருந்து பர்கூர் மலை ஏறிக் கொள்ளேகால் பக்கம் இறங்கினால் ஒடெயர்பாளையத்தில் திபெத்தியர் மடாலயமே இருக்கிறது. அவர்கள் வழி வேறு, மொழி வேறு. ஆனாலும் பசங்களை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டலாம். மார்கழிக் குளிரில் அவர்களிடம் ஸ்வெட்டர் வாங்குவதோடு நிறுத்திக்கொண்டுவிட்டோம்.

அமராவதிக்கரை கட்டிங் மாஸ்டர்:

நேற்று நாலாவது கூட்டம் நடந்தது. வாத்தியார் ஐயா எழுதியதை அப்படியே வாசித்தேன். வஜ்ஜி கதை வந்ததும் சித்தப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே வண்டியில் திரும்பிப் போனார்கள்.

கூட்டம் இனிப் பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு. பௌர்ணமி அன்றைக்கு அவரவர் வீட்டில் விளக்கு. ஒரு பங்கு தகரக் கூரைக்கும் தரைக்கும். இரண்டு பங்கு பயிற்சி வகுப்புக்கும், நாலு பேர் கற்றுக்கொள்ளப் போய்வருகிற செலவுக்கும். அவர்கள் இழக்கிற நாள் சம்பளத்தையும் சங்கமே கொடுக்கும். இதற்குத்தான் பெரிய சத்தம் எழுந்தது, "சாமி கும்பிடறதுக்குக் கூலியா" என்று. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு தங்கச்சி எழுந்து, "அப்ப நீங்க வந்து எம் பீஸைத் தெச்சுக் குடுங்க" என்றது. அதோடு அடங்கியது. அந்தத் தங்கச்சி நாலு பேரில் ஒன்று. இன்னொருவர் சத்துணவில் வேலை பார்க்கிற அக்கா. மூன்றாவது, அன்றைக்கு போனை வைத்த அதே பையன், அவனே கை தூக்கினான். நாலாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

சிலைக்கு நாலாவது பங்கைத் தொடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். மாமா மட்டும் கையெழுத்துக்குக் கீழே "இப்போதைக்கு" என்று சேர்த்து எழுதினார். விட்டுவிட்டேன்.

கோபி தம்பி, 38 வீட்டுக்கும் போக ஒரு ஞாயிறு நீங்களே வர முடியுமா? மதியம் சோறு எங்கள் வீட்டில். மேட்டுப்பாளையம் அக்கா, உங்கள் நம்பரை உள்பெட்டியில் போடுங்கள், பேச்சு ஆரம்பித்தாயிற்று.