எத்திக்ஸ் கமிட்டியில் வெளியாள்: மதுரைப் பக்கம் நடைமுறையில் எப்படி?

வைகைக்கரை:
மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தருவதுதான் எத்திக்ஸ் கமிட்டி. புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகளுக்கான 2019 விதிகள்படி அதில் குறைந்தது 7 பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள். சட்டம் படித்தவர் ஒருவர், பாமரர் (மருத்துவத் துறை சாராத சாதாரண ஆள்) ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம். பட்டியலில் இதெல்லாம் சரியாக இருக்கும், கோரத்தில்தான் (கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) சறுக்கும். மருந்துப் பரிசோதனையை விவாதிக்க 5 பேர் வேண்டும். அதில் வக்கீலும் பாமரரும் இருந்தே ஆகணும், டாக்டர்கள் எத்தனை பேர் வந்தாலும் கணக்கு ஈடாகாது. ஹைகோர்ட் பெஞ்சில் கேஸ் இருக்கிற நாளில் கூட்டம் போட்டால் வக்கீல் வரமாட்டார். அதனாலேயே சனிக்கிழமை நல்லது.

இன்னொன்று, ஆய்வு செய்கிற டாக்டரே உறுப்பினராகவும் இருப்பார். விளக்கம் சொன்னதும் அவர் எழுந்து போகணும், முடிவெடுக்கும்போது அறையில் இருக்கக்கூடாது. அவரைச் சேர்த்துத்தான் 5 என்றால் கோரமே இல்லை. அவர் வெளியேறியதை மினிட்ஸில் எழுதாமல் விட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் முதலில் மாட்டுவது அதுதான். நேற்று ரிட்டயர்டு ஆன பேராசிரியரை ‘வெளியாள்’ என்று உட்கார வைப்பது சட்டப்படி செல்லலாம், ஆனால் பழைய சகாவை அவர் எங்கே எதிர்த்துக் கேட்பார்?

மேலூர்_தம்பி:
அண்ணே, சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வார்த்தை. சொந்தக் கமிட்டி இல்லையென்றால் அதே ஊரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள கமிட்டியிடம் போகலாம். மேலூர், உசிலம்பட்டிக்கு மதுரைக் கமிட்டி சரி, தேனிக்கு ஆகாது. ஆய்வில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐயில் (மருத்துவப் பரிசோதனைகளுக்கான அரசு இணையப் பதிவேடு) பதிவு இருக்கணும். அந்த எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வார்டு_அக்கா:
படிக்கத் தெரியாதவருக்கு ஒப்புதல் வாங்கும்போது சாட்சி முழு நேரமும் கூடவே இருக்கணும். ரேகை வைத்து முடித்த பிறகு வராந்தாவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சியே இல்லை. ஆய்வு டீமில் உள்ளவரும் கூடாது. ரேகைக்குப் பக்கத்தில் தேதி, நேரம், சாட்சியின் பெயர். ஒரு நகல் நோயாளி கையில்.

வைத்தியம் பார்க்கிற டாக்டரே கேட்டால் ‘நீங்க சொன்னா சரிதாங்க’ என்று தலையாட்டிவிடுவார்கள். வேறொருவர் விளக்கி, படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஓ.பி.யில் வாங்குங்கள். பஸ் காசு, கூலி இழப்பு எவ்வளவு என்பதைக் கமிட்டி பார்த்து ஒத்துக்கொள்ளணும். விசிட்டுக்கு விசிட் கொடுத்துவிடணும். ‘கடைசி விசிட்டில் மொத்தமாத் தர்றோம்’ என்பது ஆளைக் கட்டிப்போடுகிற வேலை. பாமர உறுப்பினர் இந்தக் காசு விவரம் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் விடாமல் படித்தாலே பாதிக் குளறுபடி தெரிந்துவிடும்.

வைகைக்கரை:
அக்கா சொன்னதோடு இதையும் சேருங்க. ஆய்வில் இருக்கிறவர் இறந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ அது நடந்து 24 மணி நேரத்துக்குள் டெல்லி சிடிஎஸ்சிஓ (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு), ஸ்பான்சர் (ஆய்வை நடத்தவைக்கிற கம்பெனி), கமிட்டி மூவருக்கும் தகவல் போகணும். 14 நாளில் ஆய்வாளரின் அலசல், அது கைக்கு வந்து 30 நாளில் கமிட்டியின் கருத்து, இழப்பீடு எவ்வளவு என்பது உட்பட.

தாமதம் எங்கே வருகிறது? ராத்திரி நெஞ்சுவலி என்று ஊர்ப் பக்க ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், ஆய்வு டாக்டருக்கு அடுத்த விசிட்டில்தான் தெரியும். பிறகு தாமதத்துக்குக் காரணம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆய்வு எண்ணும் 24 மணி நேர போன் நம்பரும் போட்ட அட்டையைத் தமிழில் அடித்து, ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லுங்கள். கமிட்டி செயலரின் நம்பரும் அதில் இருக்கட்டும்.